முடிவெட்டுக் கூலி சொன்ன சேதி

1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. தகவல் இல்லாமலா அத்தனை லட்சம் பேர் செத்தார்கள்? இல்லை. விளைச்சல் கணக்கு இருந்தது, சந்தை விலை இருந்தது, பத்திரிகை இருந்தது. நான் தமிழ் படித்தவன். பொருளாதாரம் என் துறை அல்ல. ஆனால் பிரதிகளை அருகருகே வைத்துப் படிப்பது பழகிப்போன வேலை. இவற்றையும் அப்படித்தான் படித்துப் பார்த்தேன்.

முதலில் விளைச்சல் கணக்கு. பெரும்பாலும் வயலைக் கண்ணால் பார்த்துப் போட்ட மதிப்பீடு அது. அதை வைத்தே அமர்த்தியா சென் 1981இல் ஒரு உண்மையைக் காட்டினார்: 1943இல் வங்கத்தில் கிடைத்த உணவு, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 5 சதவீதம்தான் குறைவு, 1941ஐவிட 13 சதவீதம் அதிகம். 1941இல் பஞ்சம் இல்லை. 1942இல் பூஞ்சை நோய் நெல்லைப் பெருமளவில் அழித்தது என்று எஸ்.ஒய். பத்மநாபன் 1973இலேயே எழுதியிருந்தார். கணக்கையே சந்தேகிப்பவர்கள் இன்றும் உண்டு. சரி, அவர்கள் சொல்வதே நிஜம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நெல் எவ்வளவு என்றுதான் அந்தக் கணக்கு சொல்லும். எந்த வீட்டில் உலை ஏறவில்லை என்று சொல்லாது.

அடுத்தது விலை. கல்கத்தாவில் 1942 டிசம்பரில் ஒரு மணங்கு அரிசி, அதாவது ஏறத்தாழ 37 கிலோ, மொத்த விலையில் 13, 14 ரூபாய். 1943 ஆகஸ்டில் 37 ரூபாய். இரண்டு வருஷம் கழித்து, 1945இல், ஹாயெக் தம் புகழ்பெற்ற கட்டுரையில் விலையை ஒரு தகவல் அமைப்பாகவே விவரித்தார். வெள்ளீயம் ஏன் தட்டுப்பாடானது என்று யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, விலை ஏறினாலே சிக்கனமாகிவிடுவார்கள் என்பது அவர் உதாரணம். வங்கத்திலும் விலை பேசத்தான் செய்தது. வியாபாரி புரிந்துகொண்டு பதுக்கினான். நிலமில்லாத கூலிக்காரனுக்கும் புரிந்தது. புரிந்து என்ன செய்வான்? சோற்றில் சிக்கனம் செய்தால் சாவுதான். வாங்க வழியில்லாதவன் சந்தையை விட்டே விழுந்துவிடுகிறான். அதன்பின் அவன் பசி விலையில் பதிவாவதே இல்லை.

மூன்றாவது சாட்சியம். 1943 ஆகஸ்ட் 22இல் ‘ஸ்டேட்ஸ்மன்’ தெருவில் கிடந்தவர்களின் புகைப்படங்களை வெளியிட்டது. சித்தபிரசாத் மிட்னாபூரைச் சுற்றிவந்து வரைந்து எழுதிய ‘பசித்த வங்கம்’ நூலின் பிரதிகளை அரசு பறித்து அழித்தது. நம் மாதிரி ஆட்கள் நிற்கிற பக்கம் இது. ஆனால் படம் எடுப்பதற்குள் பிணம் விழுந்துவிட்டது. குற்றம்சாட்ட இதைவிடப் பலமான ஆதாரம் இல்லை; எச்சரிக்கையாகவோ இது மிகவும் தாமதம்.

நான்காவதாக ஒன்று சென் நூலில் ஓர் அட்டவணையாக இருக்கிறது. போல்பூரில் மீனுக்கு, பாலுக்கு, மூங்கில் குடைக்கு, ஒருமுறை முடிவெட்டுவதற்கு எவ்வளவு அரிசி கிடைத்தது என்ற கணக்கு. அரிசி விலை ஏற ஏற ஜனங்கள் முடிவெட்டிக்கொள்வதைத் தள்ளிப்போடுவார்கள். நாவிதரின் கூலி அப்படியே நிற்கும். அதற்குக் கிடைக்கிற அரிசி மட்டும் சுருங்கிக்கொண்டே போகும். விவசாயக் கூலிக்கும் இதே கதி. குத்தகைக்கு உழுது நெல்லாகவே பங்கு பெற்றவன் ஓரளவு தப்பினான். யார் சாகப்போகிறார்கள் என்பது இந்த வகுத்தலில் தெரிந்துவிடுகிறது, அதுவும் படங்களுக்கு முன்பே.

சென் இதைத் தொகுத்தது பல பத்தாண்டுகள் கழித்துத்தான். ஆனால் வகுப்பதற்கு வேண்டிய கூலியும் விலையும் அன்றைக்கே சந்தையில் எல்லோர் வாயிலும் இருந்தவை. உட்கார்ந்து வகுத்துப் பார்க்க அதிகாரத்துக்குத் தேவை ஏற்படவில்லை. வங்கத்தில் பஞ்சம் முறைப்படி அறிவிக்கப்படவே இல்லை. அறிவித்தால் பஞ்ச நிவாரண விதிகள் சொன்ன உதவியைக் கொடுத்தாக வேண்டும். தெரியாமல் இருப்பதில் ஒரு சௌகரியம் இருந்தது.

புள்ளிவிவரம் என்றாலே முகம் சுளிக்கிற நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. எண்களை அரசிடமும் வியாபாரியிடமும் விட்டுவிட்டுக் கண்ணீரை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். இனி விலைப் புள்ளி என்று யாராவது ஒரு எண்ணை நீட்டினால், யாருடைய கூலியை அதனால் வகுத்தீர்கள் என்று கேட்போம். பதில் இல்லையென்றால் நாமே வகுப்போம்.