மென்சொல்லும் பிழையும்: செல்லப்பிராணிகளின் கருணைக்கொலையில் சில கவனங்கள்

அறுவை மருத்துவத்தில் நேரும் பிழை பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். புண் சீழ் பிடிக்கும், காய்ச்சல் வரும், நோயாளியே முறையிடுவார். கருணைக்கொலையில் அப்படி நடப்பதில்லை. உரிய நாய்க்குப் போட்டாலும் ஆள்மாறிப் பக்கத்துக் கூண்டு நாய்க்குப் போட்டாலும் பென்டோபார்பிட்டால் என்ற கருணைக்கொலை மருந்து ஒரே மாதிரிதான் வேலை செய்யும். நினைவு தப்பி, மூச்சடங்கி, இதயம் நின்றுவிடும். ஆகவே காவல் முழுவதும் மருந்து நரம்பில் ஏறுவதற்கு முன்பே அமைந்தாக வேண்டும்.

அந்தக் காவலைத் தளர்த்துவது அலட்சியம் மட்டுமன்று, பரிவும்தான் என்பது என் வாதம். "ஊசி போட்டுடுங்க டாக்டர்" என்கிறார் நாயைக் கொண்டுவந்தவர். வெறிநோய்த் தடுப்பூசிக்கும் இதே சொல்தான். "தூங்க வச்சிடுங்க" என்பதோ பல் சுத்தம் செய்யக் கொடுக்கும் மயக்கத்துக்கும் பொருந்தும். கொல்வது என்று சொல்ல வாய் வருவதில்லை. அது இயல்பே. ஆனால் அழுதுகொண்டிருப்பவரிடம் மறுபடி கேட்பது கல்நெஞ்சம் என்று உதவியாளர் ஒதுங்குகிறார். அவர் கேட்டிருப்பார் என்று மருத்துவர் நம்புகிறார். எனவே பேச்சில் எவ்வளவு மென்மை இருந்தாலும் ஒப்புதல் படிவத்தில் 'கருணைக்கொலை, இதனால் விலங்கு இறந்துவிடும்' என்றே எழுத வேண்டும். உரிமையாளர் அதை வாசித்து, விலங்கைத் தொட்டுக் காட்டி, அதன் பெயரைத் தம் வாயால் சொல்ல வேண்டும். இம்முடிவை எடுக்கும் உரிமை அவருக்கு உண்டா என்பதும் கேட்கப்பட வேண்டும். வீட்டில் ஒருவர் எடுத்த முடிவு மற்றவருக்குத் தெரியாமலிருப்பது அரிதன்று.

பிரிட்டனில் 2017 டிசம்பரில் டக் என்ற 16 மாத நாய் கருணைக்கொலை செய்யப்பட்டது. அதன் மைக்ரோசிப் பதிவில் மீட்பகத்தின் விவரமும் இருந்தது. அதைப் பார்த்து மீட்பகத்தை ஒருமுறை தொலைபேசியில் அழைத்திருந்தால் நாய் பிழைத்திருக்கக்கூடும். அதையொட்டி எழுந்த இயக்கத்தின் விளைவாக 2021இல் அந்நாட்டுக் கால்நடை மருத்துவர் ஒழுங்காற்று அமைப்பு தன் வழிகாட்டலைத் திருத்தியது. உடல்நலக் காரணமின்றி நாயைக் கொல்லக் கேட்டால் முதலில் சிப்பை ஸ்கேன் செய்ய வேண்டும் என்றது. சிப் தோள்பட்டைகளுக்கு நடுவே பொருத்தப்பட்டாலும் நாளடைவில் காலுக்கு நகரக்கூடும். அதனால் உடல் முழுவதும் தேட வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலான நாய்களுக்குச் சிப்பே இல்லை என்பதால், படிவத்தில் ஒட்டிய புகைப்படமும் கழுத்தில் கட்டிய அடையாள அட்டையும்தான் துணை.

மருந்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற மருந்தோடு குழம்பாதிருக்கப் பல நிறுவனங்கள் பென்டோபார்பிட்டால் கரைசலுக்குச் சாயம் ஏற்றுகின்றன. சிரிஞ்சில் ஏற்றிய உடனே பெயர் ஒட்டி, தனித் தட்டில் வைப்பது இன்னும் உறுதியானது.

ஊசிக்குப் பிந்தைய பிழை ஒன்றும் உண்டு. இறந்ததாக எண்ணி உடலை ஒப்படைத்துவிடுவது. தெருநாய்களுக்கான 2001ஆம் ஆண்டு இந்திய விதிகளே, உடலை அகற்றுமுன் இறந்ததை உறுதிசெய்யுமாறு பணித்தன. நாடி, மூச்சு, கண்ணின் கருவிழி அனிச்சை ஆகியவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது. ஸ்டெத்தாஸ்கோப்பில் இதய ஒலி நின்ற பின்னும் சில நிமிடம் பொறுத்து மீண்டும் கேட்க வேண்டும். அதற்குள் ஓரிரு மூச்சுத் திணறல்கள் வரலாம் என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அவர் பதறாமல் பக்கத்தில் இருப்பார். மருத்துவரும் அவசரப்பட வேண்டியிராது.