ஆயிரம் பவுண்டு ரேஸ் கார்

ரேஸ் கார்னு சொன்னாலே நமக்கு ஞாபகம் வர்றது ஃபார்முலா ஒன்தான். ஷூமாக்கர், ஃபெராரி, ஆனை விலை குதிரை விலை. ஆனா வாரக் கடைசியில மட்டும் ரேஸ் ஓட்டிட்டு, திங்கட்கிழமை காலையில வேலைக்குப் போற கூட்டம் ஒண்ணு இங்கிலாந்துல இருக்கு. அவங்க ஓட்டுறதும் ஒத்தை சீட்டு, சக்கரம் வெளியே தெரியற கார்தான். பல கார்களுக்கு வயசு ஐம்பதுக்கு மேல! அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

1960-களில் பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத் தடத்தில் மோட்டார் ரேசிங் ஸ்டேபிள்ஸ் என்று ஒரு ரேஸ் பள்ளிக்கூடம் நடந்தது. கத்துக்க வர்றவங்க காரைப் போட்டு மிதிப்பாங்க. ரேஸ் எஞ்சின், ரேஸ் டயர் ரெண்டும் சீக்கிரமே காலி. செலவு கட்டுப்படியாகலை. பள்ளியை நடத்தின ஜெஃப் கிளார்க், ரோட்டுல ஓடுற ஃபோர்ட் கார்ட்டினா ஜிடி-யோட எஞ்சினைத் தூக்கி ரேஸ் கார்ல வெச்சார். டயரும் சாதா ரோட்டு டயர். நல்லாவே ஓடிச்சு. தடத்தை நிர்வகித்த ஜான் வெப்புக்குப் பொறி தட்டிச்சு. இதையே தனிப் பந்தய வகையா ஆக்கிட்டா என்ன?

இப்படிப் பிறந்ததுதான் ஃபார்முலா ஃபோர்ட். முதல் பந்தயம் 1967 ஜூலை 2-ஆம் தேதி, அதே பிராண்ட்ஸ் ஹாட்சில். ஜெயித்தவர் லோட்டஸ் 51 ஓட்டிய ரே ஆலன். ஒரு வேடிக்கை பாருங்க. அதற்கு நாலு வாரம் முன்னாடி, ஜூன் 4-ஆம் தேதி, ஃபோர்ட் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்து காஸ்வொர்த்தை வெச்சுச் செய்ய வைத்த டிஎஃப்வி எஞ்சின் தன் முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தை ஜெயிச்சிருந்தது. அங்கே எஞ்சினை உருவாக்க மட்டும் ஒரு லட்சம். இங்கே முழுக் காருக்கும் உச்சவரம்பு ஆயிரம் பவுண்டு!

விதிகள் ரொம்ப எளிமை. ஸ்டீல் குழாய் ஃப்ரேம். கார்ட்டினா எஞ்சின், முதல்ல 1500 சிசி, சீக்கிரமே 1600. இந்த எஞ்சின் குடும்பத்துக்கு கென்ட் என்று பேர். ஹ்யூலண்ட் கியர்பாக்ஸ், நாலு கியர். அதன் கூடு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுடையது. இறக்கை கூடவே கூடாது.

இந்தக் 'கூடாது'லதான் விஷயமே இருக்கு. லாரிக்குப் பின்னாடி சைக்கிள்ல போனா எதிர்க்காத்து தெரியாது இல்லையா? ரேஸ் கார்லயும் அப்படித்தான். ஆனா இறக்கை வெச்ச கார் வளைவுல முன்னாடி காரை ஒட்டிப் போனா, சரியான காத்து கிடைக்காம பிடிப்பு போயிடும். இறக்கையே இல்லைன்னா அந்தப் பிரச்சினை குறைவு. வளைவுல ஒட்டிக்கிட்டே வந்து, நேர் ரோட்டுல சர்ருனு முந்தலாம். அதனால கடைசிச் சுற்றில் முதலாவதா இருக்கிறவனுக்குத்தான் பயம் ஜாஸ்தி :-)

காரை விட ஓட்டுறவன் முக்கியம்ங்கறதுக்கு ஒரு மெர்லின் காரே சாட்சி. 1969-ல் பிரேசிலிலிருந்து வந்த எமர்சன் ஃபிட்டிபால்டி ஒரு மெர்லின் 11ஏ ஓட்டினார். அதே கார் கை மாறி காலின் வாண்டர்வெல்லிடம் போச்சு, அப்புறம் ஜோடி ஷெக்டரிடம். ஃபிட்டிபால்டி 1972, 1974-லும் ஷெக்டர் 1979-லும் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்கள். ஒரே செகண்ட்-ஹாண்ட் காரில் பழகிய ரெண்டு பேர்! நைஜல் மேன்செல் 1977-ல் கழுத்து எலும்பு முறிஞ்ச வருஷத்திலேயே ஒரு ஃபார்முலா ஃபோர்ட் பட்டம் வாங்கினார். செனா 1981-ல் ரெண்டு பட்டம்.

மத்த பந்தயங்களில் விதி மாறினா போன வருஷத்து கார் பேரீச்சம்பழத்துக்குத்தான். இங்கே விதி அநேகமா அப்படியே நின்னதால பழைய காருக்கும் இடம் கிடைச்சது. புதுசு வேகமாத்தான் போகும். அதனால கிளப்காரர்கள் வயசு பார்த்துப் பிரிச்சாங்க. 1971 வரை கட்டினது ஒரு கூட்டம், 1981 வரை இன்னொண்ணு. ஆளாளுக்கு சம ஜோடி.

ஃபோர்டுக்கு மட்டும் இது போதலை. புதுக் கார் விக்கிறவங்களுக்குப் பழைய எஞ்சினால் விளம்பரம் கிடைக்காதே. 1993-ல் முக்கியத் தொடர் ஜீடெக் எஞ்சினுக்கு மாறியது, 2006-ல் டியூராடெக், 2012-ல் டர்போ. 2013-ல் இறக்கையும் முளைச்சது. 2015-ல் அந்தத் தொடர் பெயரையே மாத்திக்கிச்சு. நவீனமாக்கினது போச்சு, கைவிட்ட கென்ட் நின்னுடுச்சு! டிஎஃப்விக்கு ஃபோர்டிடம் பணம் வாங்கிக் கொடுத்த வால்டர் ஹேய்ஸ் பெயரில் 2001-ல் சில்வர்ஸ்டோனில் தொடங்கிய கோப்பைக்கு கென்ட் கார்கள் கூட்டமா வருது. 2010 வாக்கில் ஃபோர்டே திரும்ப கென்ட் பிளாக் வார்க்க வேண்டியதாச்சு.

மலிவுன்னா சும்மா கிடைக்குதுன்னு அர்த்தமில்லை. டயர், எஞ்சின் ஓவர்ஹால், டிரெய்லர் எல்லாம் கைக்காசு. எஞ்சின் பாகங்களை விதிக்குள்ளேயே பொறுக்கியெடுத்துப் பூட்டித் தர்ற கில்லாடிகளும் உண்டு. பணம் எங்கேயாவது ஓட்டை தேடும். அதை அடைச்சுக்கிட்டே இருந்தாத்தான் சம்பளக்காரன் ரேஸ் ஓட்ட முடியும்.

நம்ம ஊர்ல இதைப் புரிஞ்சுக்கிட்டவர் கோவை கரிவரதன். மாருதி 800 எஞ்சினைப் போட்டு ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டினார். அதில் பழகின நரேன் கார்த்திகேயன் 1994-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்ட் குளிர்காலத் தொடரை ஜெயிச்சார். 2005-ல் ஃபார்முலா ஒன். கரி அதைப் பார்க்கலை, 1995-ல் விமான விபத்தில் போயிட்டார். கோவையில் 2003-ல் திறந்த தடத்துக்கு அவர் பேர்தான்.

பி.கு: ஃபார்முலா மாருதி ஓட்டினவங்க, சோழவரத்துல ரேஸ் பார்த்தவங்க யாராவது இருந்தா எழுதுங்க மக்களே. அந்தக் கதையெல்லாம் பதிவாகணும்.