கந்தோர்

“தம்பி கந்தோராலே இன்னும் வரவில்லை” என்று யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர் கூறுங்கால், அச்சொல் அயல்நாட்டிலிருந்து வந்தது என எண்ணுவார் அரியர். தபாற் கந்தோர், கந்தோர் உத்தியோகம் என்றெல்லாம் வழங்கி அது ஊர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. அதே தம்பி வங்கியிலே பணம் செலுத்தும் இடத்தை ஆங்கில வழக்கைப் பின்பற்றிக் ‘கவுண்டர்’ என்கிறான். கந்தோரும் கவுண்டரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது பலரும் அறியாத செய்தி.

அத்தாய் பிரெஞ்சு மொழியிலுள்ள ‘கோந்த்துவார்’ என்னும் சொல்லாகும். எண்ணுதல் என்னும் பொருள்தரும் இலத்தீன் வினையினின்றும் அது தோன்றியது. கணிப்பொறிக்கு ஆங்கிலேயர் இட்ட ‘கம்பியூட்டர்’ என்ற பெயரும் அவ்வேரினதே. காசு போன்ற சிறு வட்டுக்களை மேசைமேல் நகர்த்திக் கணக்குப் பார்த்த இடைக்காலத்தில், அம்மேசைக்கு வழங்கிய பெயர் பிரெஞ்சுக்காரர் வாயிலாக ஆங்கிலத்துட் புகுந்து, பின்னர்க் கடைக்காரனின் மேசையையும் குறித்தது. ஒல்லாந்தரோ அச்சொல்லை வேறு வழியிற் கொண்டு சென்றனர். மேசையின் பெயர் மேசை கிடந்த அறைக்காகி, அறையின் பெயர் பணிமனை முழுவதற்கும் ஆயிற்று. ‘பியூரோ’ என்னும் பிரெஞ்சுச் சொல்லும் இவ்வாறே வளர்ந்தது. எழுதும் மேசைமேல் விரித்த முரட்டுத் துணியின் பெயர், மேசைக்காகி, இறுதியில் அரசாங்கப் பணிமனைக்கே ஆயிற்று!

புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரரின் ‘கோந்த்துவார்’களே, தம் வணிகத் தலங்களை அவர்கள் அப்பெயராலேயே வழங்கினர். காரைக்கால் யாழ்ப்பாணத்துக்கு அண்மையில் இருப்பதால், சொல் அவ்வழி வந்தது என மயங்கற்க. 1658ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தரே ‘கந்தோர்’ என்னும் தம் வழக்கை இங்கு விதைத்தனர். சிங்களத்திற் ‘கந்தோருவ’ என நின்றதும் அதுவே.

ஒல்லாந்தர் வணிகக் கும்பனி எண்ணாத பொருள் இல்லை. வன்னியிற் பிடித்த யானைகளும் மண்ணில் அகழ்ந்த சாயவேரும் எண்ணப்பட்டன. காணிகள் தோம்பிற் பதியப்பட்டன; மனிதர் தலைவரிக்கும் ஊழியத்துக்குமாக எண்ணப்பட்டனர். ஏட்டிலே ஒருவன் பெயர் எவ்வரிசையில் நின்றதோ, அதனைப் பொறுத்தே அவன் இறுக்கும் வரியும் கூலியின்றிச் செய்யும் வேலையும் அமைந்தன. ஐரோப்பாவிலே எண்ணும் மேசையாய்ப் பிறந்த சொல், யாழ்ப்பாணத்து உழவனுக்கும் தான் எண்ணப்படும் இடமாகவே வந்து சேர்ந்தது. நாட்டு வழமைகளும் தப்பவில்லை. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தேசவழமையை ஏட்டில் ஏற்றினார். பன்னிரு முதலிமார் அதனை நோக்கி உடன்பட்டனர். அது பயன்மிக்க பணி என்பதில் ஐயமில்லை. இன்றும் காணி வழக்குகளில் அதன் பெயர் ஒலிக்கின்றது.

கொடுத்தவர் ஒல்லாந்தர், கொண்டவர் தமிழர் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. கணக்கெழுதத் தமிழன் வேண்டியிருந்தமையால், கணக்கப்பிள்ளை என்னும் நம் சொல் ஐரோப்பியர் ஏடுகளிற் புகுந்தது. போர்த்துக்கேயர் நாவில் அது ‘கனக்கப்போலே’ எனத் திரிந்தது. ஆங்கிலேயர் அதனைக் ‘கானிக்கோப்பொலி’ என்றனர். மேசையின் பெயர் அவர்களது. மேசையில் இருந்து எழுதியவன் பெயர் நம்முடையது.

1795இல் வந்த ஆங்கிலேயர், இந்துஸ்தானியிலிருந்து ‘கச்சேரி’யைக் கொணர்ந்து மாவட்ட நிருவாகத்துக்குச் சூட்டினர். கந்தோர் அதனாலும் அழியவில்லை. பெரிய துரை கச்சேரியில் இருக்க, ஏனைய எழுத்து வேலைகள் கந்தோரிலே நடந்தன. இப்பொழுது பெயர்ப் பலகைகளில் ‘அலுவலகம்’ நிற்கின்றது, நல்ல தமிழ்ச்சொல்லே. ஆயினும் மாணவன் கந்தோர் என எழுதியதைச் சிவப்பு மையாற் கீறுமுன், அச்சொல்லுக்குப் பின்னே கிடக்கும் தோம்பேடுகளை ஆசிரியர் ஒரு கணம் நினைத்தல் தகும். மாவட்டச் செயலகத்தைக் கச்சேரி என்றே கூறும் யாழ்ப்பாணத்து முதியோர், கடிதம் இடுவதற்குத் தபாற் கந்தோருக்கே போகின்றனர்.