ஓரியன் நெபுலா: புகையா, மீன் திரளா?

தை மாதத்து முன்னிரவில் வானம் தெளிந்திருக்குமானால், திருவாதிரை மீனுக்கு அருகே ஒரே வரிசையில் மூன்று மீன்களைக் காணலாம். ஓரியன் என்னும் வேடனின் இடைக்கச்சை என்று மேனாட்டார் அவற்றைச் சொல்லுவர். கச்சையிலிருந்து தொங்கும் வாளின் நடுவே மங்கலாக ஒரு புள்ளி உண்டு. அது மீனைப்போல் கூர்மையாய் இராது. கண்ணாடிமேல் பட்ட மூச்சுப்போல் படர்ந்திருக்கும். சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஓரியன் நெபுலா அதுவே. அது புகையா, மீன் திரளா என்று எழுந்த வழக்கைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன்.

சூரியனும் கோள்களும் சுழலும் வாயுத் திரளொன்றிலிருந்து பிறந்தன என்றார் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ். இங்கிலாந்திலிருந்த வில்லியம் ஹெர்ஷலும் வருங்காலச் சூரியர்கள் உருவாகும் மூலப்பொருளை இந்த நெபுலாவில் கண்டதாகக் கருதினார். ஆகவே, வானில் அத்தகைய வாயு மெய்யாகவே உண்டா என்பது சிறிய கேள்வியன்று.

1845-இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு ஆறடி அகலமுள்ள ஆடிகொண்ட தொலைநோக்கியை நிறுவினார். அன்று உலகில் அதைவிடப் பெரியது இல்லை. மறு ஆண்டே, ஓரியன் நெபுலா மீன்களாகப் பிரிந்து தெரியக்கூடியதே என்பதில் ஐயமில்லை என எழுதினார். லாப்லாஸ் கொள்கையை ஊரெங்கும் பரப்பிவந்த கிளாஸ்கோ பேராசிரியர் நிக்கல்கூட அதனை ஏற்றார். பெரிய கருவி சொன்னால் மறுப்பவர் யார்?

மறுத்தது, பட்டு வணிகத்தைக் கைவிட்டு வானநூலில் இறங்கிய வில்லியம் ஹகின்ஸின் கருவி. லண்டனில் அவர் வீட்டிலிருந்த தொலைநோக்கியின் வில்லை எட்டே அங்குலம். ஆனால் அதனோடு முப்பட்டைக் கண்ணாடியை இணைத்து, ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். மீனின் ஒளி வானவில்போல் தொடர்ந்து விரியும். ஒளிரும் மெல்லிய வாயுவோ தனித்தனிச் சுடர்க்கோடுகளையே தரும். 1864-இல் வேறொரு நெபுலாவையும், அடுத்து ஓரியனையும் ஆராய்ந்தார். கண்டவை கோடுகளே. வாயுதான்!

அவற்றுள் சில பச்சைக் கோடுகள் அறிந்த எந்தத் தனிமத்துக்கும் உரியவையாகத் தோன்றவில்லை. 'நெபுலியம்' என்று புதுப்பெயரே சூட்டினர். 1927-இல் அமெரிக்கரான போவன், அது நாம் மூச்சிழுக்கும் ஆக்சிஜனே என்று காட்டினார். எலெக்ட்ரான்கள் இரண்டை இழந்து, மிக அருகிய நிலையில் அது அவ்வாறு ஒளிர்கிறது.

ராஸ் பிரபுவை நான் குறை கூறேன். நெபுலாவினுள் இளம் மீன்கள் மெய்யாகவே உள்ளன. அதை ஒளிரச் செய்வனவும் அவையே. கண்ட சிலவற்றைக்கொண்டு காணாத அனைத்தையும் மீன்கள் என்று அவர் துணிந்துவிட்டார். 1990-களில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில், அந்த இளம் மீன்கள் பலவற்றைச் சுற்றி வாயுவும் தூசும் தட்டுகளாகச் சூழ்ந்திருப்பது தெரிந்தது. கோள்கள் உருவாகக்கூடிய தட்டுகள் அவை.