300 என்றால் ரேகை விழல

வெப் சர்வர் 200 என்று பதில் சொன்னால் எல்லாம் சரி. 1990களில் வகுத்த வழக்கம் அது. ஆதார் சர்வரின் பிழை எண்களில் 200 என்றால் முகவரி பொருந்தவில்லை. 300 என்றால் கைரேகை. இது எனக்கு இன்னும் வேடிக்கைதான்.

தமிழக ரேஷன் கடைகளுக்குக் கைரேகை வந்தது 2020 அக்டோபரில். எங்க தருமபுரிப் பக்கம் களை பறித்தே கை தேய்ந்த ஆயாக்களுக்கு அந்த 300, "ரேகை விழல ஆயா" என்றுதான் கேட்கும். விரல் தேய்ந்ததா, கருவியின் கண்ணாடி அழுக்கா? எண் சொல்லாது. சர்வர் பிழையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அப்புறம் அரிசி உண்டா இல்லையா என்பதை மனுஷங்கதான் எழுதி வைக்கணும்.

முதல் ஆதார் எண் கொடுத்தது 2010இல். ஆதாரைக் காரணம் காட்டி ரேஷனை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியது 2017 அக்டோபரில். ஜார்க்கண்டில் ஆதார் இணைக்காததால் கார்டு ரத்தாகி, ஒரு சிறுமி பட்டினியில் செத்ததாகச் செய்தி வந்த பிறகு.