எட்டு வினாடி வயலின்

புராக்ரசிவ் ராக் கேட்கிறவர்கள் இருவர் சேர்ந்தால் பேச்சு சீக்கிரமே சிபாரிசில் வந்து நிற்கும். "கிங் கிரிம்ஸனின் முதல் ஆல்பம் பிடித்ததா? அப்படியானால் இவர்களையும் கேட்டுவிடுங்கள்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். மற்றவர் அந்தக் குழு எந்த நாடு, எந்த வருஷம் என்று விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்பார்: "மெல்லோட்ரான் உண்டா?" உண்டு என்றால் பாதி சிபாரிசு முடிந்தது. நானும் அப்படிக் கேட்கிற ஆள்தான். அந்த விசைப்பலகைப் பெட்டியின் வயலின் ஒலி ஒரு பாட்டின் நடுவே எழுந்து வரும்போது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது.

இத்தனை பிரியத்துக்கும் உரிய பெட்டி ராக் இசைக்காகப் பிறந்ததல்ல. 1940களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் ஹாரி சேம்பர்லின் என்பவர், தான் ஆர்கன் வாசிப்பதை டேப்பில் பதிந்து பெற்றோருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பதிந்ததைப் போட்டுக் கேட்டபோது அவருக்கு ஒன்று தோன்றியது. ஒரு வாசிப்பு முழுவதையும் டேப் பிடித்து வைக்க முடிகிறதென்றால், ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனி டேப்பில் பதிந்து ஒவ்வொரு விசைக்குக் கீழும் ஒன்றை வைத்தால் என்ன? லாரன்ஸ் வெல்க் வாத்தியக் குழுவின் கலைஞர்களை வரவழைத்து வயலினையும் புல்லாங்குழலையும் ஸ்வரம் ஸ்வரமாகப் பதிந்தார். வெல்க் அமெரிக்கத் தொலைக்காட்சியில் குடும்பத்தோடு பார்க்கும் நடன இசைக்குப் பேர்போனவர். சேம்பர்லின் மனதில் இருந்ததும் அந்த மாதிரி வீடுதான். மாலை நேரத்தில் கூடத்தில் உட்கார்ந்து, ஆளில்லாமலே ஒரு வாத்தியக் குழுவைத் துணைக்கு வைத்துப் பாடலாம்.

1962இல் அவருடைய விற்பனையாளர் பில் ஃப்ரான்சன் இரண்டு பெட்டிகளைக் கப்பலேற்றிக்கொண்டு இங்கிலாந்து போனார். டேப்பில் பதிந்ததைப் படித்து ஒலியாக்கும் ஹெட்டுகளை, ஒரே மாதிரியாக எழுபது, செய்து தர யாராவது உண்டா என்று தேடினார். பர்மிங்காமில் பிராட்மாட்டிக் என்ற சிறு தொழிற்கூடம் நடத்திய பிராட்லி சகோதரர்கள் மூவரும் செய்து தருவதாகச் சொன்னார்கள். பெட்டி யாருடையது என்பதை ஃப்ரான்சன் அவர்களிடம் சொல்லவே இல்லை. தன் கண்டுபிடிப்பு போலவே காட்டினார். சகோதரர்கள் அதை நம்பி, குறைகளைத் திருத்தி, 1963இல் மெல்லோட்ரான் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். விஷயம் காதுக்கு எட்டியதும் சேம்பர்லின் கொதித்துப்போனார். கடைசியில் பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அவர் கோபம் முழுக்க நியாயமானது. இன்று ரசிகர்கள் பேச்சில் மெல்லோட்ரான் பெயர் வருகிற அளவுக்கு அவர் பெயர் வருவதில்லை.

பெட்டியைத் திறந்து பார்ப்போம். விசையை அழுத்தினால் இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடக்கும். ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும் நீண்ட தண்டின் மேல் ஒரு சிறு உருளை டேப்பை வைத்து அழுத்தும், டேப் நகரும். ஃபெல்ட் ஒட்டிய பட்டை ஒன்று அதே டேப்பை ஹெட்டோடு சேர்த்துப் பிடிக்கும், ஒலி வரும். விரலை எடுத்தால் டேப் பின்னுக்கு இழுபட்டு ஆரம்ப இடத்துக்கே போய்விடும். ஒலி சுமார் எட்டு வினாடிதான். அதற்கு மேல் விசையை அழுத்திக்கொண்டே இருந்தாலும் பெட்டி வாய் திறக்காது. டேப்பை வளையமாக ஒட்டியிருந்தால் முடிவில்லாமல் ஒலித்திருக்குமே என்று தோன்றும். வளையத்துக்குத் தொடக்கம் கிடையாது. வில் தந்தியில் உரசி ஸ்வரம் எழுகிற முதல் கணம் அதில் போய்விடும். அந்த முதல் கணத்துக்காகத்தான் நீளத்தைத் தியாகம் செய்திருக்கிறார்கள்.

எட்டு வினாடிக்கு மேல் ஒரு கார்டை, அதாவது ஒருசேர ஒலிக்கும் ஸ்வரங்களை, நீடிக்க வைக்க வேண்டும் என்றால் வாசிக்கிறவர் ஒரு விரலை எடுத்துத் திரும்ப வைத்து, அடுத்து இன்னொன்றை எடுத்து வைத்து, எல்லாம் ஒன்றாக ஓயாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். நிறைய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மோட்டார் திணறும். சுருதி கொஞ்சம் இறங்கும். ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகப் பதியப்பட்டது என்பதால் ஒன்றில் நடுக்கம் கூடுதலாக இருக்கும், இன்னொன்று கொஞ்சம் தாமதித்து எழும். இந்தக் கோளாறுகள் எல்லாம் சேர்ந்ததுதான் நாம் காதலிக்கிற ஒலி. மனிதர்கள் வாசித்த வயலின்தான், ஆனால் வாசித்த மனிதர்கள் அங்கே இல்லை. அந்த இல்லாமை காதில் விழுகிறது.

1964இல் வந்த மார்க் 2 மாடலில் பக்கத்துக்கு முப்பத்தைந்து விசையாக இரண்டு வரிசை. இடது பக்கம் வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் என்று தயார்நிலைத் தாளங்கள். வலது பக்கம் தனி வாத்தியங்கள். வாங்கியவர்கள் வசதி படைத்தவர்கள். இளவரசி மார்கரெட்டிடம் ஒன்று இருந்தது, நடிகர் பீட்டர் செல்லர்ஸிடம் ஒன்று. கிளப்புகளிலும் ஹோட்டல்களிலும் இது வந்தால் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று பிரிட்டிஷ் இசைக்கலைஞர்கள் சங்கம் அஞ்சியது. அன்றைக்கு அது நியாயமான பயம்தான்.

பெட்டியின் தலையெழுத்தை மாற்றியவர் மைக் பிண்டர். பிராட்லி சகோதரர்களின், பிற்பாடு ஸ்ட்ரீட்லி என்று பெயர் மாறிய தொழிற்கூடத்தில் ஒன்றரை வருஷம் போல பெட்டிகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தவர். பிறகு மூடி ப்ளூஸ் குழுவில் கீபோர்டு வாசிக்கப் போனார். பர்மிங்காம் டன்லப் டயர்த் தொழிற்சாலையின் தொழிலாளர் மன்றத்தில் யாரும் தொடாமல் ஒரு மெல்லோட்ரான் கிடந்தது. அதை வாங்கி, தாளங்களையும் ஒலி வித்தைகளையும் தூக்கிப்போட்டுவிட்டு இரண்டு பக்கமும் தனி வாத்தியங்களின் டேப்பையே மாட்டினார். கூடத்தில் பாட்டுக்குத் துணையாகச் செய்யப்பட்ட பொருள் அவர் கையில்தான் தனி வாத்தியமாயிற்று. பீட்டில்ஸ்காரர்களுக்கு இதைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான். 1967 பிப்ரவரியில் வெளிவந்த ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாட்டின் தொடக்கத்தில் வரும் புல்லாங்குழல், பால் மெக்கார்ட்னி விரல் வைத்த மெல்லோட்ரான். அதே வருஷம் நவம்பரில் மூடி ப்ளூஸின் ‘டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்’ வந்தது. உறையில் வாத்தியக் குழுவின் பெயர் இருக்கிறது, உண்மையாகவே வாசித்தும் இருக்கிறார்கள். ஆனால் பாட்டுகளுக்குள் நாம் கேட்கிற வயலின் அலையில் பெரும்பகுதி பிண்டருடையது. 2024இல் அவர் காலமானார்.

மூடி ப்ளூஸ் கையில் மெல்லோட்ரான் ஏக்கமாக ஒலித்தது. 1969 அக்டோபரில் கிங் கிரிம்ஸனின் ‘இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்ஸன் கிங்’ அதைப் பயமாக மாற்றியது. குழுவின் இயன் மெக்டொனால்ட் அதை அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறார். ‘எபிடாஃப்’ கேட்டிருக்கிறீர்களா? பாட்டு ஏறும்போது வயலின்கள் குரலுக்குத் துணை செய்வதில்லை. குரலைச் சுற்றி எழுந்து மறைக்கப் பார்க்கின்றன. உண்மையான வயலின் குழு வாசித்திருந்தால் அழகாக இருந்திருக்கும், இத்தனை திகில் வந்திருக்காது. 1974இல் ‘ரெட்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டான ‘ஸ்டார்லெஸ்’ வரைக்கும் அந்த ஒலி அந்தக் குழுவோடு நடந்து வந்தது. ஆல்பம் கடைக்கு வருவதற்குச் சற்று முன்புதான் கிதார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் குழுவைக் கலைத்தார். புராக் பற்றி எதுவுமே தெரியாத ஒருவருக்கு ஒரே பாட்டைத்தான் போட்டுக் காட்டலாம் என்றால் நான் ‘ஸ்டார்லெஸ்’ஸைத்தான் போடுவேன்.

ஜெனிசிஸ் குழுவின் டோனி பேங்க்ஸ் தன் மார்க் 2 பெட்டியை கிங் கிரிம்ஸனிடமிருந்தே வாங்கினார். 1972இல் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ ஆல்பம் அந்தப் பெட்டியின் கார்டுகளோடுதான் தொடங்குகிறது. ‘வாட்ச்சர் ஆஃப் தி ஸ்கைஸ்’ பாட்டின் முகப்பு அது. சில கார்டுகள் அந்தப் பெட்டியின் சுருதிக் கோளாறில் கேட்கவே முடியாமல் போகும், சில மட்டும் பிரமாதமாக விழும் என்று பேங்க்ஸ் கண்டுகொண்டார். பிரமாதமாக விழுந்ததை வைத்துக் கட்டிய முகப்புதான் அது. வாத்தியத்தின் குறை இசையமைப்பையே தீர்மானித்த இடம் இதைவிடத் தெளிவாக எனக்குத் தெரிந்து வேறில்லை.

அந்த வருஷங்களில் இங்கிலாந்துக்காரர்களைவிட இத்தாலிக்காரர்கள் இந்த இசையை முந்திக்கொண்டு கொண்டாடினார்கள். இங்கிலாந்தின் வான் டெர் க்ராஃப் ஜெனரேட்டர் குழுவின் ‘பான் ஹார்ட்ஸ்’ இத்தாலிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பி.எஃப்.எம், செலெஸ்தே போன்ற இத்தாலியக் குழுக்கள் மெல்லோட்ரானைத் தங்கள் ஊர்ச் சங்கீத மரபோடு சேர்த்தன. செலெஸ்தேயின் 1976 ஆல்பத்தில் அதன் குரல் அத்தனை மென்மை. ஜெர்மனியின் டாஞ்சரின் ட்ரீம் 1974இல் ‘ஃபீட்ரா’வில் அதைப் பனிமூட்டமாக ஆக்கியது.

மேடையில் அதைச் சமாளித்தவர்கள் பட்ட பாடு தனி. 1970இல் எடை குறைந்த எம்400 வந்தது, டேப் சட்டகத்தையே கழற்றி மாற்றலாம். அப்படியும் வெப்பம் ஏறினால், ஈரம் கூடினால், மின்னழுத்தம் இறங்கினால் சுருதி ஓடிவிடும். சின்தசைசர்கள் மலிவாகி, பல ஸ்வரங்களை ஒருசேர ஒலிக்கவும் பழகிய பிறகு இந்தத் தொல்லை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. விற்பனைக் கம்பெனி திவாலானதில் மெல்லோட்ரான் என்ற பெயரையே பிராட்லிகள் இழந்தார்கள். நோவட்ரான் என்று பேர் மாற்றிச் செய்துகொண்டிருந்த ஸ்ட்ரீட்லி 1986இல் கதவைச் சாத்தியது.

அந்த இருட்டு வருஷங்களில் இந்த ஒலியைக் காப்பாற்றியவர்கள் ரசிகர்கள் என்றே நான் நினைக்கிறேன். புதிய ஆல்பங்களில் அது அரிதாகத்தான் வந்தது. பழைய ரெக்கார்டுகள் கையிலிருந்து கைக்குப் போயின, கேசட்டில் நகலெடுத்துக் கொடுத்தார்கள். சிபாரிசு செய்ய ஆளிருந்ததால் 1970களில் பிறந்த பிள்ளைகளுக்கும் ‘எபிடாஃப்’ கிடைத்தது. அவர்களில் சிலர் ஸ்வீடனில் குழு கட்டினார்கள். அனெக்டோட்டன் ஆரம்பத்தில் கிங் கிரிம்ஸன் பாட்டுகளைத் திருப்பி வாசித்துக்கொண்டிருந்த குழு; 1993இல் ‘வெமூட்’ என்று சொந்த ஆல்பம் போட்டது. அதற்கு ஒரு வருஷம் முன்னால் எங்லாகோர்ட் குழுவின் ‘ஹைப்ரிஸ்’. நான்கே பாட்டு. ஹாமண்ட் ஆர்கன், புல்லாங்குழல், மெல்லோட்ரான், ஸ்வீடிஷ் மொழியில் கொஞ்சம் பாட்டு. சந்தையில் யாருமே கேட்காத காலத்தில் இதைச் செய்தார்கள். அடுத்த வருஷமே லாஸ் ஏஞ்சல்ஸ் புராக்ஃபெஸ்ட் மேடையில் நின்றார்கள்.

பிறகு ரேடியோஹெட் 1997இல் ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பத்தில் மெல்லோட்ரானின் கோரஸ் டேப்பை எடுத்தது. 2003இல் ஓபெத் ‘டாம்னேஷன்’ முழுக்க அதை மிதக்கவிட்டது. இன்று பிராட்லி சகோதரர்களில் ஒருவரான லெஸ்ஸின் மகன் ஜான், மார்ட்டின் ஸ்மித் என்பவரோடு சேர்ந்து ஸ்ட்ரீட்லி பெயரில் டேப் ஓடுகிற புதுப் பெட்டிகளே செய்கிறார். டேப்பே இல்லாத டிஜிட்டல் நகல்களும் ஏராளம். நகல் செல்லுமா என்று ரசிகர்கள் விடாமல் சண்டை போடுகிறார்கள். என் கட்சி டேப் பக்கம். மோட்டார் திணறி கார்டு சரிகிற விதம் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல வராது. நகலில் பெரும்பாலும் ஒன்றுபோலவே வந்துவிடுகிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு என் வரிசை இது: ‘ஸ்டார்லெஸ்’ முதலில். பிடித்தால் ‘ஹைப்ரிஸ்’, அதன் பிறகு செலெஸ்தே. ‘ஃபீட்ரா’வை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூடி ப்ளூஸைக் கடைசியில் கேட்டால் போதும்; அதற்குள் அந்த வயலின் எங்கே ஒளிந்திருக்கிறது என்று உங்கள் காதே காட்டிக்கொடுத்துவிடும்.