கன்னுக்குட்டி மேல எத்தனை சதவீதம் தப்பு?

மனுநீதிச் சோழன் கதை தெரியாதவங்க நம்மள்ல யாரும் இருக்க மாட்டோம். இளவரசன் தேர்ல போறான், கன்னுக்குட்டி சக்கரத்துல மாட்டிச் சாகுது, தாய்ப்பசு மணியை அடிக்குது, ராஜா பெத்த மகனையே தேர்க்கால்ல போடறார். சென்னை உயர் நீதிமன்றத்துல அவருக்குச் சிலைகூட உண்டு. எல்லாரும் ராஜாவைப் பத்தியே பேசறோம். எனக்கு என்னமோ அந்த மந்திரி மேலதான் கண்ணு.

பெரிய புராணத்துல நடந்ததை ராஜாகிட்ட எடுத்துச் சொல்றது அவர்தான். இளவரசர் படை சூழ ராஜவீதியில போயிட்டிருந்தார், சின்னக் கன்னு தேர்ச்சக்கரத்துக்கு நடுவுல புகுந்து செத்துப் போச்சு. எவ்வளவு பக்குவமான வாக்குமூலம் பாருங்க! தேர் கன்னு மேல ஏறலை, கன்னுதான் தேருக்குள்ள புகுந்துச்சு. இதே கதை இலங்கையோட மகாவம்சத்துலயும் எல்லாளன் பேர்ல வருது. அங்க அந்தக் கன்னு ஓடியே வரலை, தாய்ப்பசுவோட ரோட்டுல படுத்திருக்கு. ஒரே விபத்து, ரெண்டு எஃப்.ஐ.ஆர் :-)

நடந்து போறவர் அடிபட்ட வழக்குகள்ல "திடீர்னு குறுக்கே ஓடி வந்துட்டார்"ங்கிற எதிர்வாதம் எங்கிருந்து வருதுன்னு தேடினா, கடைசியில இந்த மந்திரிகிட்டதான் போய் நிக்குது. செத்தவரு வந்து "இல்லீங்க, நான் ஓரமாத்தான் நின்னேன்"னு சொல்ல முடியாதே.

இந்த "உன் மேலயும் தப்பு இருக்கு"ங்கிறதுக்கு ஆங்கிலேயச் சட்டத்துல ஒரு கொடூரமான ஆரம்பம் இருந்துச்சு. 1809ல ஒருத்தர் ரோட்டுக்குக் குறுக்கே கழியைப் போட்டு வச்சார். இன்னொருத்தர் குதிரையை வேகமா விரட்டிட்டு வந்து அதுல விழுந்தார். வேகமா வந்தது உன் தப்புன்னு சொல்லி ஒத்தப் பைசா கிடையாதுன்னுட்டாங்க. அடிபட்டவர் பக்கம் கொஞ்சம் தப்பு இருந்தாலும் மொத்தமும் போச்சு. 1842ல ஒரு கழுதை வந்து இதை மாத்துச்சு. முன்னங்காலைக் கட்டி ரோட்டோரம் மேய விட்டிருந்த கழுதை மேல வண்டி ஏறிடுச்சு. கழுதையை அப்படி விட்டது தப்பாவே இருக்கட்டும், கவனமா ஓட்டியிருந்தா தவிர்த்திருக்கலாம்ல, அப்ப வண்டிக்காரன்தான் பொறுப்புன்னு தீர்ப்பு. தப்பைப் பங்கு போட்டு, அந்தப் பங்குக்கு மட்டும் இழப்பீட்டைக் குறைக்கலாம்ங்கிற சட்டம் இங்கிலாந்துல 1945லதான் வந்துச்சு. இந்தியா முழுக்கச் செல்லுபடியாகிற அப்படியொரு தனிச்சட்டம் இங்க கிடையாது. கோர்ட்டுங்களே அந்தக் கொள்கையை எடுத்துக்கிச்சு. பத்து சதவீதம், இருபத்தஞ்சு சதவீதம்னு தீர்ப்புல வர்றதெல்லாம் அப்படி வந்த கணக்குதான்.

இங்க மோட்டார் வாகனச் சட்டம் 1939ல, இழப்பீட்டுத் தீர்ப்பாயம் 1956 திருத்தத்துல. ஆனாலும் டிரைவர் மேல தப்புன்னு நிரூபிச்சாத்தான் காசுன்னு 1977ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் 1982ல வந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச திருத்தம். தப்பு யார் மேலன்னு கேக்காம உயிர் போனா 15,000, நிரந்தர ஊனம்னா 7,500. அதோட நிக்காம, செத்தவர் பக்கமும் தப்புன்னு காரணம் காட்டி இந்தத் தொகையைக் குறைக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே எழுதினாங்க. மந்திரி வாயை அடைச்ச முதல் வரி அது! (இப்ப, 2019 திருத்தத்துக்கு அப்புறம், அந்த வகைத் தொகை அஞ்சு லட்சமும் ரெண்டரை லட்சமும்.)

கிரிமினல் வழக்குக்கு அளவுகோலே வேற. கர்நாடகத்துல ரோட்டைக் கடந்த சின்னக் குழந்தை பஸ்ல அடிபட்டுச் செத்த வழக்குல, குழந்தையைக் காப்பாத்தத்தான் டிரைவர் வண்டியைத் திருப்பினார்னு 1979ல சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை பண்ணிச்சு. அதுக்கு அடுத்த வருஷம், தமிழ்நாட்டுப் பஸ் வழக்கு ஒண்ணுல நீதிபதி கிருஷ்ண ஐயர் சொன்னார்: டிரைவர் கிரிமினல் கோர்ட்டுல விடுதலையானாலும், சின்னச் சின்னச் சந்தேகத்தைக் காட்டி இழப்பீட்டுல இருந்து தப்பிக்க விடாதீங்கன்னு. ரெண்டுமே சரின்னுதான் எனக்குப் படுது.

ஏன்னா எங்க பக்கம் டிரைவர்னா யாரோ இல்லீங்க. நாமக்கல்லுல பாடி கட்டுற பட்டறை, கேஸ் டேங்கர், திருச்செங்கோட்டு ரிக் வண்டி, சங்ககிரி லாரின்னு வீட்டுக்கு வீடு ஒரு டிரைவர் இல்லாட்டி ஒரு ஓனர். அடிபடறதும் நம்ம ஆளு, ஓட்டறதும் நம்ம ஆளு. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது டிரைவர் கடமைன்னு சொல்ற 134வது பிரிவே, கூட்டம் அடிக்க வர்ற நிலைமைன்னா விதிவிலக்குன்னும் சொல்லுது. சட்டத்துக்கே நம்ம கூட்டத்தைப் பத்தித் தெரிஞ்சிருக்கு. தகவல் சொல்லாம ஓடிப் போனா பத்து வருஷம்னு புதுச் சட்டத்துல எழுதினப்ப, 2024 ஜனவரியில நாடு முழுக்க லாரிக்காரங்க வண்டியை நிறுத்தினதும் இந்தப் பயத்துலதான். 2024 ஜூலை 1ல மத்த பிரிவுகள் அமலுக்கு வந்தப்ப அந்த ஒண்ணை மட்டும் ஒதுக்கி வச்சாங்க.

இத்தனை பங்கு பிரிக்கிற கணக்குல பெரும்பாலும் விட்டுப் போற ஆளு ஒருத்தர் இருக்கார். ரோடு!

சேலத்துல இருந்து மல்லூர், ஆண்டகளூர்கேட், புதுச்சத்திரம் வழியா நாமக்கல் போற ரோட்டை எடுத்துக்கங்க. பழைய என்.ஹெச். 7, இப்ப 44. ரெண்டு பக்கமும் புளியமரம் நின்ன ரோடு நாலு வழியாச்சு. வீடு இந்தப் பக்கம், காடு அந்தப் பக்கம், பஸ் ஸ்டாப்பு அந்தப் பக்கம்னு இருந்த ஊருங்க அப்படியேதான் இருக்கு, அதுங்களுக்கு நடுவுல ரோடுதான் அகலமாச்சு. கடக்கிற தூரமும் கூடுச்சு, வர்ற வண்டி வேகமும் கூடுச்சு. பாலம் கட்டாத இடத்துல ஆட்டை ஓட்டிட்டுப் போற அம்மா நடுத்தடுப்புல எங்க சந்து இருக்கோ அங்கதான் கடக்கும். அதை "கவனக்குறைவு"ன்னு எழுதி எத்தனை சதவீதம் போடுவீங்க? 2022ல மட்டும் நாட்டுல ரோட்டுல செத்த 1,68,491 பேர்ல 32,825 பேர் நடந்து போனவங்க. அத்தனை பேருமா திடீர்னு குறுக்கே ஓடினாங்க?

கோவை கங்கா ஆஸ்பத்திரி டாக்டர் ராஜசேகரன் 2012ல சாலைப் பாதுகாப்புக்காகச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். நடைபாதை மக்களோட வாழ்வுரிமையில சேர்ந்ததுன்னு அந்த வழக்குலதான் 2025 மே மாசம் சொன்னாங்க. அதுக்கு முன்னாடியே, 2019 திருத்தத்துல 198ஏன்னு ஒரு பிரிவு வந்திருக்கு. ரோட்டோட வடிவமைப்போ பராமரிப்போ தரமில்லாம இருந்து உயிர் போனா, பொறுப்பான அதிகாரி, காண்டிராக்டர், கன்சல்டன்ட் யாரா இருந்தாலும் அபராதம். எவ்வளவு தெரியுங்களா? அதிகபட்சம் ஒரு லட்சம். அதுவும் அடிபட்ட குடும்பத்துக்கு நேரா வராது, விபத்து நிதிக்குப் போகும்.